ஆரம்ப இருப்பில் ஒளிந்திருந்த கோப்பு: நெல்லை மொத்தக்கடைச் சர்வர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆனித் தேரோட்டம் அன்று நெல்லையில் உள்ளூர் விடுமுறை. கடைகள் பாதி திறந்திருக்காது. அலுவலகங்களில் ஆளிருக்காது. 2024-ல் அந்த நாளின் காலை 6.40 மணிக்கு என் போனுக்கு ஒரு மெயில் வந்தது. நான் பராமரிக்கும் சர்வர் ஒன்று தினமும் காலையில் அனுப்பும் அறிக்கைதான் அது. நாலைந்து மாதமாகப் பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: வேறுபாடு எதுவும் இல்லை. அன்று மட்டும் "மாறிய கோப்புகள்: 1" என்று இருந்தது.

அந்த ஒரு கோப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, என் பிழைகளை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். சர்வர் பராமரிப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். கடையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது.

கடையும் வெள்ளமும்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடை. அம்பை 16 அரிசி, உடன்குடி கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், பருப்பு, எண்ணெய் எல்லாம் உண்டு. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் வரை சில்லறைக் கடைக்காரர்கள் இங்கேதான் சரக்கு எடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் ஆர்டர் போட ஒரு இணையதளம் எழுதப்பட்டது. பிஎச்பி மொழியில் நிரல், அப்பாச்சி வெப் சர்வர், மரியாடிபி தரவுத்தளம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சர்வர் கடையின் கீழ்த்தளத்திலேயே, பில் போடும் மேசைக்குப் பின்னால் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி சிந்துபூந்துறை, கொக்கிரகுளம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு என்று புகுந்துவிட்டது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டை ஊறி வெடித்துக் கிடந்த இடத்தில் சர்வரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது சேற்றுக்குள் கிடந்தது.

ஒரு நல்ல பழக்கம் காப்பாற்றியது. கடை முதலாளி அண்ணாச்சி, மாதக் கடைசியில் முழு சர்வரையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, பாளையங்கோட்டை வீட்டுப் பீரோவில் வைத்துவிடுவார். மாதத்துக்கொரு ஃபோல்டர். பழையதை அழிப்பதும் இல்லை. "கணக்குப் புஸ்தகத்த எவனாவது கிழிப்பானா?" என்பார். நவம்பர் கடைசி நகல் பத்திரமாக இருந்தது. டிசம்பர் ஆர்டர்களை நனைந்த பில்களை வெயிலில் காயவைத்துப் படித்து மறுபடி ஏற்றினார்கள்.

பொங்கல் ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. ஜனவரி முதல் வாரத்தில் புது இயந்திரம் வாங்கி, மாடியில் வைத்து, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, நவம்பர் நகலை அப்படியே இறக்கினோம். இந்த "அப்படியே" என்ற சொல்லுக்குள்தான் முழு விவகாரமும் இருக்கிறது. தளம் எழும்பியது, ஆர்டர் வரத் தொடங்கியது. அடுத்த வாரம் எய்டு (AIDE) என்ற கோப்புக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினேன்.

எய்டு என்ன செய்யும்

கோப்புக் கண்காணிப்பின் கருத்து பழையது. 1992-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், யூஜின் ஸ்பாஃபோர்டு இருவரும் ட்ரிப்வயர் என்ற நிரலை எழுதினார்கள். முக்கியக் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை எடுத்துத் தனியே எழுதிவை. நாளை மறுபடி எடுத்து ஒப்பிடு. மாறியிருந்தால் சத்தம் போடு. அவ்வளவே. பிறகு 1999-ல் ராமி லெஹ்தி, பாப்லோ விரோலைனன் இருவரும் அதற்கு இலவச மாற்றாக எய்டு எழுதினார்கள். இன்று லினக்ஸில் ஒற்றை சர்வருக்குப் பலரும் எடுப்பது இதைத்தான். பல சர்வர்கள் இருந்தால் வாசூ மாதிரி, நடுவே ஒரு மேலாளர் சர்வர் வைத்து எல்லாவற்றையும் பார்க்கும் ஏற்பாடு சரி. ஒரு மளிகைக் கடைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கைரேகை என்பது ஹேஷ். ஷா-256 என்ற முறையில் எடுத்தால் கோப்பு எத்தனை பெரியதானாலும் 64 எழுத்தில் ஒரு சரம் கிடைக்கும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுவதும் மாறிவிடும். பழைய எம்டி5-க்கு 2004-லேயே, ஷா-1-க்கு 2017-லேயே, வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே ஹேஷ் வரும்படி செய்து காட்டிவிட்டார்கள். புதிதாக அமைப்பவர்கள் அந்த இரண்டையும் தொட வேண்டாம்.

ஹேஷோடு நிற்பதில்லை. யார் பெயரில் கோப்பு இருக்கிறது, யாருக்கு எழுத அனுமதி, அளவு, ஐநோடு எண், எத்தனை இணைப்பு, எம்டைம், சிடைம் இத்தனையும் எய்டு குறித்துக்கொள்ளும். கடைசி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் எம்டைம். இதை யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் பழைய தேதிக்குத் தள்ளிவிடலாம். கோப்பின் விவரப் பதிவு, அதாவது ஐநோடு, கடைசியாக மாறிய நேரம் சிடைம். அதை இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் போடும். சிஸ்டம் கடிகாரத்தையே திருப்பவோ டிஸ்கை நேரடியாகக் கிளறவோ ரூட் என்ற முழு அதிகாரம் இருந்தாலொழிய சிடைமைப் பொய் சொல்ல வைக்க முடியாது.

முதல் ஓட்டத்தில் எய்டு இந்த விவரங்களை ஒரு தரவுத்தளமாக எழுதிவைக்கும். அண்ணாச்சிக்கு விளக்கும்போது நான் சொன்ன உவமை ஆரம்ப இருப்பு. ஏப்ரல் 1-ம் தேதி கடையில் என்ன சரக்கு இருக்கிறதோ அதை எண்ணி எழுதுவோமே, அது மாதிரி. அதற்குப் பிறகு வருவதும் போவதும் அதை வைத்துத்தான். அவருக்கு உடனே பிடிபட்டது. உவமை சொன்னவனுக்குத்தான் அதன் முழுப் பொருள் பிடிபட ஐந்து மாதம் ஆனது.

முதல் மூன்று வாரச் சத்தம்

நிறுவிய மறுநாள் வந்த அறிக்கை பல நூறு வரி. அதற்கடுத்த நாளும் அப்படியே. புதிதாக எய்டு போடும் பலரும் இந்தக் கட்டத்தில்தான் கைகழுவுகிறார்கள். மெயிலைத் திறக்காமலே அழிக்கப் பழகிவிட்டால் மென்பொருள் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். இரவில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்டுகள், நிரல்களை மாற்றிவிட்டுப் போயிருக்கும். சர்வரில் நடப்பதைப் பதியும் லாக் கோப்புகள் நள்ளிரவில் சுழலும்போது, அதாவது பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியது தொடங்கும்போது, பெயரும் ஐநோடு எண்ணும் மாறும். அவற்றுக்கு அளவு கூடிக்கொண்டே போகலாம், குறைந்தால் மட்டும் சொல் என்று வேறு விதி எழுத வேண்டும். தளத்தின் செஷன் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். 90 நாள் ஆயுள் கொண்ட இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் 30 நாள் மிச்சம் இருக்கும்போதே தானாகப் புதுப்பித்துக்கொண்டு, சர்வரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குள் கைவைக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் போனில் படமெடுத்து ஏற்றும் பழைய பில்களும் காசோலைப் படங்களும் நாளைக்கு நூற்றுக்கணக்கில் அப்லோடு ஃபோல்டரில் சேரும்.

கடைசியாகச் சொன்னதற்கு நான் செய்த வைத்தியம் ஒரே வரி. ஆச்சரியக்குறி போட்டு அப்லோடு ஃபோல்டரின் பாதையை எழுதினேன். எய்டு விதியில் ஆச்சரியக்குறிக்கு "இதைப் பார்க்காதே" என்று பொருள்.

சத்தம் அடங்கியது. பிப்ரவரியிலிருந்து "வேறுபாடு இல்லை". அப்டேட் ஓடிய மறுநாள் மட்டும் நாலைந்து நிரல் பெயர் வரும். ஒப்பிட்டுப் பார்த்துப் புதுத் தரவுத்தளத்தை ஏற்றுக்கொள்வேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

தேரன்று வந்த மெயில்

உபுண்டுவில் தினசரி வேலைகள் காலை 6.25-க்குத் தொடங்கும். எய்டு எல்லாவற்றையும் படித்து முடித்து மெயில் வர 6.40 ஆகும். அன்று மாறியிருந்தது தளத்தின் நிரல் ஃபோல்டருக்குள், பில்லை பிடிஎஃப் ஆக்கும் நூலகத்தில் இருந்த ஒரு பிஎச்பி கோப்பு. மாறிய விவரங்கள்: அளவு, ஐநோடு எண், சிடைம், ஹேஷ். சிடைம் அதிகாலை 2.10.

என்னைத் தூக்கிப் போட்டது பட்டியலில் இல்லாத ஒரு வரி. எம்டைம் மாறவில்லை. 2019-ம் ஆண்டுத் தேதி அப்படியே இருந்தது. உள்ளடக்கம் மாறியிருக்கிறது, ஆனால் உள்ளடக்கம் மாறிய தேதி மாறவில்லை. பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப இறக்கினால் இப்படி வரும். தேரன்று அதிகாலை இரண்டு மணிக்கு யார் பேக்கப் இறக்குவார்கள்?

தளத்தை எழுதிய தம்பிக்குப் போன் போட்டேன். பின்னால் ரத வீதியின் இரைச்சல்.

"ஏல, ராத்திரி சர்வர்ல கைய வச்சியா?"

"இல்லண்ணே, நேத்து சாயந்திரமே டவுனுக்கு வந்துட்டேன். தேர் பாக்கேன். லேப்டாப்பக்கூட எடுத்துட்டு வரல."

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஜங்ஷனுக்கு வண்டியை விட்டேன். கடை வாசலில் அண்ணாச்சி சாவியோடு நின்றார். மாடிக்குப் போனதும் முதல் வேலை நெட்வொர்க் கேபிளை உருவியது. பவரை அணைக்கவில்லை. அணைத்தால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது போய்விடும். ஓடும் புரோசஸ்கள், திறந்திருக்கும் இணைப்புகள் இவற்றை ஒரு பென்டிரைவில் எழுதிக்கொண்டு, பிறகு முழு டிஸ்கையும் அச்சு அசலாக ஒரு பிரதி எடுத்தேன். ஆராய்ச்சி எல்லாம் அந்தப் பிரதியில்தான். மூலத்தைத் தோண்டினால் தடயத்தை நாமே மிதித்துவிடுவோம்.

கோப்பைத் திறந்தேன். மேலே நாலு வரி காப்புரிமைக் குறிப்பு, பக்கத்துக் கோப்புகளில் இருப்பது போலவே. கீழே ஒரே ஒரு நீண்ட வரி, பேஸ்64 என்ற குறியீட்டு முறையில் மூட்டை கட்டிய எழுத்துக் குப்பை. அதை அவிழ்த்து அப்படியே ஓடவிடும் ஒரு கட்டளை. வெளியிலிருந்து யாராவது இந்தக் கோப்பின் முகவரிக்கு ஒரு ரகசியச் சொல்லோடு தகவல் அனுப்பினால், அனுப்பியதை சர்வர் தன் கட்டளையாக நிறைவேற்றும். வெப் ஷெல் என்பார்கள். அன்று அதிகாலை அதன் சொந்தக்காரன் தன் கருவியைப் புதுப்பித்திருக்கிறான். பழைய தேதியை ஒட்டவும் மறக்கவில்லை. சிடைமை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"புதுப்பித்திருக்கிறான்" என்று எழுதும்போதுதான் உறைத்தது. அறிக்கையில் "மாறியது" என்றுதானே இருந்தது, "சேர்ந்தது" என்று இல்லையே. அப்படியானால் பழைய வடிவம் ஜனவரித் தரவுத்தளத்திலேயே இருந்திருக்கிறது. நான் எண்ணி எழுதிய ஆரம்ப இருப்பில் திருடனின் மூட்டையும் ஒன்று. ஐந்து மாதமாக எய்டு அதையும் பத்திரமாகக் காவல் காத்து, "வேறுபாடு இல்லை" என்று எனக்குத் தினமும் மெயில் அனுப்பியிருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "தம்பி, ஆரம்ப இருப்பே தப்புன்னா வருசம் பூரா கணக்கு சரியாத்தான இருக்கும்" என்றார்.

எப்போது, எப்படி

சிடைம் இங்கே உதவவில்லை. நகலை இறக்கும்போது எம்டைம் பழையபடி ஒட்டிக்கொள்ளும், சிடைம் இறக்கிய நேரமாகிவிடும். எல்லாக் கோப்புக்கும் 2024 ஜனவரி. உதவியது அண்ணாச்சியின் பீரோ. மாதவாரி ஃபோல்டர்களைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனோம். 2022 ஏப்ரல் நகலில் அந்தக் கோப்பு இருக்கிறது. மார்ச் நகலில் இல்லை. ஆக, வெள்ளத்துக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் முன்பே உள்ளே வந்துவிட்டான். ஒரே டிஸ்கை மேலே மேலே எழுதி அழிக்கும் பேக்கப்பாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

எந்த வழியாக வந்தான் என்பதில் என் இரண்டாவது பிழை வெளிப்பட்டது. எய்டின் விதிகள் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், அதாவது பாதையின் எழுத்து வடிவத்தைச் சொல்லும் சூத்திரங்கள். அவை தொடக்கத்தில் மட்டும் தானாகக் கட்டுண்டவை. முடிவில் கட்ட வேண்டுமென்றால் நாம்தான் டாலர் குறி போட வேண்டும். நான் போடவில்லை. "அப்லோடு" என்று தொடங்கும் எந்தப் பாதையானாலும் பார்க்காதே என்று பொருளாகிவிட்டது. அதே இடத்தில், பழைய தளத்தின் எச்சமாக, "அப்லோடு" என்ற எழுத்துகளோடு 2019 என்று பின்னொட்டு சேர்ந்த ஒரு ஃபோல்டர் கிடந்தது. யாரும் தொடாத ஃபோல்டர். அதுவும் கண்காணிப்பிலிருந்து நழுவியது.

அதற்குள் ஆயிரக்கணக்கான பில் படங்களுக்கு நடுவே ஒரு கோப்பின் பின்னொட்டு மட்டும் பிஎச்டிஎம்எல். உபுண்டுவின் அப்பாச்சி அமைப்பில் பிஎச்பி, பிஎச்ஏஆர், பிஎச்டிஎம்எல் மூன்று பின்னொட்டையும் நிரலாக ஓடவிடும் விதி இயல்பாகவே உண்டு. பழைய அப்லோடு படிவமோ பின்னொட்டை உலாவியில் மட்டும் சோதித்திருக்கிறது. சர்வர் பக்கம் சோதனையே கிடையாது. உலாவியைத் தாண்டி நேரடியாக அனுப்பத் தெரிந்தவனுக்குக் கதவு திறந்தே கிடந்தது. நிரல் ஃபோல்டர் முழுவதும் வெப் சர்வர் பயனரின் பெயரிலேயே இருந்ததால், உள்ளே வந்தவன் பிடிஎஃப் நூலகத்துக்குள் இரண்டாவது வாசலைக் கட்டிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

அடுத்த கேள்வி, என்ன எடுத்துப் போனான். இங்கே சுவரில் முட்டினோம். உபுண்டுவில் அப்பாச்சி லாக் தினமும் சுழன்று 14 நகல் மட்டும் நிற்கும். அதுதான் இயல்பு அமைப்பு. இரண்டு வாரத்துக்கு முந்தையது காற்றோடு போயிற்று. இந்த 14 நாளில் அந்தக் கோப்புக்கு வந்த அழைப்புகள் ஏழெட்டு. அவற்றில் என்ன கட்டளை இருந்தது என்பது லாக்கில் பதியாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவில் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நான் படித்திருந்தேன். ஜனவரி அவசரத்தில் லாக் அமைப்பைத் தொடவே இல்லை.

தெரிவிப்பது பற்றி அண்ணாச்சிக்குத் தயக்கம் இருந்தது. "ஊரெல்லாம் தெரிஞ்சா எவன் ஆர்டர் போடுவான்?" அரை மணி நேரம் பேசினோம். கடைக்காரர்களின் போன் நம்பரும் கடன் பாக்கியும் அந்த சர்வரில்தானே இருக்கின்றன என்ற இடத்தில் அவர் இறங்கி வந்தார். மதியத்துக்குள் செர்ட்-இன்னுக்கு மெயில் போயிற்று. கடைக்காரர்கள் எல்லோருக்கும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அவரே குரல் பதிவு அனுப்பினார். அதற்கு வந்த பதில்களில் பாதி, அப்பளக் கட்டு எப்போது வரும் என்பதுதான்.

திரும்பக் கட்டியது

பழைய சர்வரைச் சுத்தம் செய்து தொடரும் யோசனையை முதலிலேயே விட்டுவிட்டோம். ரூட் அதிகாரம் வரை போனதற்குத் தடயம் கிடைக்கவில்லை என்பது, போகவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. டிஸ்கைத் துடைத்து உபுண்டுவை முதலிலிருந்து போட்டோம். தளத்தின் நிரலை பேக்கப்பிலிருந்து எடுக்கவில்லை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் தம்பியின் கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்தோம். பிடிஎஃப் நூலகத்தை அதன் மூலத் தளத்திலிருந்து புதிதாக இறக்கி, வெளியிட்ட ஹேஷோடு ஒப்பிட்டோம். பேக்கப்பிலிருந்து வந்தவை தரவுத்தளமும் படங்களும் மட்டும். படங்களில் உண்மையிலேயே படமாக இருப்பவற்றை மட்டும், பின்னொட்டை நம்பாமல் உள்ளே பார்த்துப் பிரித்தோம். அதற்கே இரண்டு நாள்.

நெட்வொர்க் கேபிளைச் செருகுவதற்கு முன் எய்டின் முதல் தரவுத்தளத்தை எடுத்தேன். இந்த முறை வரிசையே தலைகீழ்: முதலில் இருப்பு எண்ணுவது, பிறகு கடைக் கதவைத் திறப்பது.

விதிகளை இந்த முறை நிதானமாக எழுதினேன். நிரல்கள் இருக்கும் ஃபோல்டர்கள், பூட், ஈடிசி இவற்றுக்கு எல்லா விவரமும். தளத்தின் நிரல் ஃபோல்டர் இப்போது வெப் சர்வர் பயனர் எழுத முடியாதபடி வேறு பெயரில் இருக்கிறது. அந்த உரிமை மாறினாலும் சத்தம் வரும். ஊடுருவியவன் மறுபடி வர வழி வைக்கும் இடங்களைத் தனியே சேர்த்தேன்: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் பட்டியல்கள், சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்-டி கோப்புகள், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் கோப்பு, யாருக்கு ரூட் அதிகாரம் என்று சொல்லும் சூடோ விதிகள். எல்லா நிரலுக்கும் முன்னால் தன்னை ஏற்றிக்கொள்ளச் செய்யும் ப்ரீலோடு கோப்பு சாதாரண சர்வரில் இருக்கவே இருக்காது. அது "சேர்ந்தது" என்று அறிக்கையில் வந்தால் அன்று சாப்பாடு இறங்காது.

அப்லோடு ஃபோல்டரை இனி மொத்தமாக விலக்கவில்லை. ஜேபிஜி, பிஎன்ஜி, பிடிஎஃப் என்று முடியும் கோப்புகளை மட்டும், டாலர் குறியோடு விலக்கினேன். வேறு எந்தப் பின்னொட்டு வந்து விழுந்தாலும் அறிக்கையில் வரும். முதல் நாளே நாற்பது வரி வந்தது. பதறிப் போய்ப் பார்த்தால், சில போன்கள் பின்னொட்டைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. விதிக்கு இரண்டும் வெவ்வேறு. அதையும் சேர்த்தேன். அந்த ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடவே கூடாது என்று அப்பாச்சியிலும் பூட்டினேன். படம் என்ற பெயரில் நிரலை வைத்தால் எய்டு கண்டுகொள்ளாது; அப்போது காப்பது அந்தப் பூட்டுதான்.

தரவுத்தளத்தை எங்கே வைப்பது என்பது பழைய பிரச்சினை. அதே சர்வரில் வைத்தால் ரூட் பிடித்தவன் கோப்பையும் மாற்றி, தரவுத்தளத்தையும் திருத்தி, "வேறுபாடு இல்லை" என்று நமக்கு மெயிலும் அனுப்புவான். எஸ்டி கார்டில் இருக்கும் சிறு பூட்டை நம்பலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. அந்தப் பூட்டை மதிப்பதும் மதிக்காததும் கார்டு ரீடரின் பாடு. கார்டுக்குள் எந்தத் தடையும் இல்லை. கடைசியில் ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடிக்குத் திரும்பினோம். டவுனில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்று தூசி தட்டிக் கிடைத்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கல்யாண வீடியோவா?" என்றார். எய்டு இப்போது அந்த டிவிடியில் இருக்கும் தரவுத்தளத்தோடுதான் ஒப்பிடுகிறது.

எய்டே நம்பத் தகுந்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். காவல்காரன் வீட்டிலும் ஓட்டை உண்டு: 2022 ஜனவரியில் வெளியான 0.17.4 பதிப்புக்கு முன்பு, சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடக்கூடிய ஒரு பிழை எய்டுக்குள்ளேயே இருந்தது. அதனால் மாதம் ஒரு ஞாயிறு, கடை மூடிய பிறகு, சர்வரை வெளி யூஎஸ்பியிலிருந்து எழுப்பி, அதிலுள்ள எய்டை வைத்து டிஸ்கை வெளியாளாக நின்று சோதிக்கிறோம்.

மெயிலையும் மாற்றினேன். எய்டு முடியும்போது ஒரு எண்ணைத் தரும். சேர்ந்தது இருந்தால் 1, அழிந்தது இருந்தால் 2, மாறியது இருந்தால் 4, கூட்டித் தரும். 5 என்றால் சேர்ந்ததும் உண்டு, மாறியதும் உண்டு. 14-லிருந்து மேலே போனால் எய்டே தடுக்கி விழுந்திருக்கிறது. அந்த எண்ணை மெயில் தலைப்பில் போட்டுவிட்டேன். வண்டியில் போகும்போதும் தலைப்பைப் பார்த்தால் போதும். மெயில் வராத நாள் இன்னும் மோசம். 7 மணிக்குள் அறிக்கை வரவில்லையென்றால் வேறொரு சிறு இயந்திரம் என்னை எழுப்பும்.

"விலைப் பட்டியல்ல எவனாவது விலைய மாத்திவிட்டா இது சொல்லுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். சொல்லாது. விலை மரியாடிபிக்குள் இருக்கிறது. அதன் கோப்புகள் நொடிக்கு நொடி மாறுபவை, கண்காணித்துப் பயனில்லை. அதற்கு தரவுத்தளத்திலேயே யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு வேண்டும். தனி வேலை. கோப்பே இல்லாமல் நினைவகத்தில் மட்டும் ஓடும் நிரலும் எய்டின் கண்ணில் படாது. காலை 6.40-க்கும் மறுநாள் 6.25-க்கும் நடுவே நடப்பது மறுநாள்தான் தெரியும் என்பதையும் அவரிடம் சொல்லிவைத்தேன்.

மிச்சம் இருந்தது மனுசர் வேலை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. சர்வரில் யார் எதைத் தொட்டாலும் தேதி, நேரம், என்ன மாற்றம், கையெழுத்து. அப்டேட்டுகளை இரவில் தானாக ஓடவிடுவதை நிறுத்தி, புதன்கிழமை காலை கையால் ஓட்டுகிறோம். அவசரத் திருத்தம் என்றால் அன்றே. முன்னால் ஒரு சோதனை, பின்னால் ஒரு சோதனை, நோட்டோடு ஒப்பீடு, அதன் பிறகே புது டிவிடி. லாக்குகள் இப்போது 180 நாளுக்கு வேறு இயந்திரத்தில் சேர்கின்றன.

போன புதன் அறிக்கை 4 என்று வந்தது. ஒரு கோப்பு, இரவு 11.35. நோட்டில் பதிவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஜிஎஸ்டி ரவுண்டிங்ல ஒரு பைசா இடிச்சுதுண்ணே, ராத்திரியே சரி பண்ணிட்டேன். காலைல வந்து நோட்ல எழுதலாம்னு இருந்தேன்."

கிட் களஞ்சியத்தில் இருக்கும் கோப்பின் ஹேஷும் சர்வரில் இருப்பதும் ஒன்றாக இருந்தன. பத்து மணிக்கு வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். டிவிடியின் மேல் தேதியைக் கறுப்பு மார்க்கரில் எழுதியது அண்ணாச்சி. பழைய டிவிடியை உறையில் போட்டு, வீட்டுப் பீரோவுக்குக் கொண்டுபோகும் பையில் வைத்தார்.